உருளைக்கிழங்கு காயா, சோறா?

கேள்வி சுருக்கமாக இதுதான். மும்பை செம்பூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். ஆறாவது படிக்கும் மகன் பள்ளிக்கூடத்துக்கு உணவு வகை சார்ட் செய்துகொண்டு போனான். உருளைக்கிழங்குப் படத்தைக் காய்கறிக் கட்டத்தில் ஒட்டியிருந்தான். டீச்சர் சிவப்பு மையால் அடித்துவிட்டு 'ஆற்றல் தரும் உணவு' என்று எழுதியிருக்கிறார். நிலக்கடலையைப் பருப்போடு ஒட்டியிருந்தான். அதுவும் தப்பாம், எண்ணெய் வித்தாம். வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை நோய். அவருக்கு டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த தாளில் உருளை சாதம், சப்பாத்தியோடு சேர்ந்து நிற்கிறது. கடலை 'கொழுப்பு' என்ற தலைப்பின் கீழே இருக்கிறது. மாமியாரோ, "ஏகாதசிக்கு உருளை சாப்பிடலாமே, அது தானியம் இல்லையே" என்கிறார். இதில் யார் சொல்வது சரி? சத்துகளை உண்மையில் எப்படித்தான் பிரித்திருக்கிறார்கள்?

எல்லாரும் சொல்வது சரிதான். மழுப்பவில்லை, கடைசியில் உங்கள் மகனின் சார்ட்டுக்கும் மாமியாரின் தட்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். குழப்பத்துக்குக் காரணம், சத்தைப் பிரிப்பது ஒரு வேலை, உணவைப் பிரிப்பது வேறு வேலை. முதலாவது வேதியியல். அதில் உலகம் முழுக்கப் பெரிய சண்டை கிடையாது. இரண்டாவது, மார்க்கெட் பையைத் தரையில் கொட்டிக் கூறு கட்டுகிற வேலை. யாருக்காகக் கூறு கட்டுகிறோம் என்பதைப் பொறுத்துக் கூறு மாறும். பள்ளிக்கூடம் ஒரு மாதிரி கட்டும், ஆஸ்பத்திரி ஒரு மாதிரி கட்டும், பஞ்சாங்கம் இன்னொரு மாதிரி கட்டும்.

மும்பையில் ஒரு மருத்துவமனையின் உணவுப் பிரிவில் 27 வருடம் வேலை பார்த்தவள் நான். இந்த விஷயத்தை எனக்குப் பாடப்புத்தகம் கற்றுத் தரவில்லை. தாராவியிலிருந்து வந்த ஒரு பாட்டிதான் கற்றுத் தந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிது. பாட்டிக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. தமிழ் தெரிந்தவள் என்று என்னிடம் அனுப்பினார்கள். "சோத்தைக் குறைச்சுக்குங்க பாட்டி, காய் நிறையச் சேர்த்துக்குங்க" என்று சொல்லி அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து வந்தார். சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது. மருந்தை ஒழுங்காகப் போடவில்லை என்று நினைத்து நான் கொஞ்சம் கடுகடுத்தேன். பாட்டி அதைவிடக் கடுகடுத்தார். "நீதானேம்மா சொன்னே, காய் நிறையத் தின்னுன்னு. சோறு ஒரு கைதான். மத்தபடி சேப்பங்கிழங்கு வறுவல், வாழைக்காய், உருளை, கருணைன்னு மாத்தி மாத்திப் பண்ணித் தின்னேன்."

தப்பு என்னுடையது. தமிழில் காய் என்றால் சாம்பாரில் போடுவதெல்லாம் காய். காய்கறிக் கடையில் கிடைப்பதெல்லாம் காய்கறி. நான் படித்த தாளில் இருந்த 'காய்' வேறு: அது மாவுச்சத்து குறைந்த காய். பாட்டி தன் மொழியின் கூறுபடி சரியாகத்தான் சாப்பிட்டார். அடுத்த தடவை பையோடு வரச் சொன்னேன். மேசையில் கொட்டி, கத்தரி, வெண்டை, புடலை, அவரை, கீரை எல்லாம் இந்தப் பக்கம், கிழங்கும் வாழைக்காயும் சோற்றுப் பக்கம் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு யாரிடமும் மொட்டையாகக் 'காய்' என்று நான் சொன்னதில்லை.

சரி, முதலில் சத்துகள்.

உணவை வேதியியல் கண்ணால் மூன்றாகப் பிரித்தவர்களில் முக்கியமானவர் லண்டன் மருத்துவர் வில்லியம் பிரௌட். 1827ல் அவர் சொன்னது: சர்க்கரை இனம், எண்ணெய் இனம், முட்டை வெள்ளைக்கரு இனம். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த முன்மாதிரி உணவாக அவர் பாலை எடுத்துக்கொண்டார். பாலைத் திரியவைத்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மேலே மிதக்கும் ஏடு கொழுப்பு, திரண்டு நிற்பது புரதம், தெளிந்த நீரில் கரைந்திருப்பது பால் சர்க்கரை. இன்று நாம் மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் என்று சொல்வது ஏறக்குறைய அதே மூன்றுதான்.

இந்த மூன்றையும் பெருஞ்சத்துகள் என்கிறோம். கிராம் கணக்கில் தேவைப்படுபவை. வைட்டமின்களும் தாது உப்புகளும் நுண்சத்துகள். மில்லிகிராமிலும் மைக்ரோகிராமிலும் தேவைப்படுபவை. பெரிது, நுண்ணியது என்ற பேச்செல்லாம் அளவைப் பற்றியது மட்டும். பி12 ஒரு நாளைக்கு 2 மைக்ரோகிராமைச் சுற்றித்தான் வேண்டும், கண்ணுக்கே தெரியாது. அது வருடக்கணக்கில் குறைந்தால் கை கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். பால்கூடச் சரியாகக் குடிக்காத சுத்த சைவக் குடும்பங்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கோடும் உண்டு: கலோரி தருவது, தராதது. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9. அமெரிக்கர் வில்பர் அட்வாட்டர் 19ம் நூற்றாண்டின் கடைசியில் கணக்கிட்ட எண்கள். இன்றும் பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் ஓடுவது அந்தக் கணக்குதான். வைட்டமின், தாது, தண்ணீர் மூன்றும் கலோரி தராது. மது கிராமுக்கு 7 கலோரி தரும், ஆனால் சத்து என்று யாரும் அதைச் சேர்ப்பதில்லை. நார்ச்சத்து நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை. வேதியியல்படி பெரும்பாலும் மாவுச்சத்தின் உறவுதான், ஆனால் நம் குடலால் அதைச் செரிக்க முடியாது. பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியா கொஞ்சம் தின்று நமக்குக் கிராமுக்கு 2 கலோரி மாதிரி கொடுக்கும். அதனால் சில பட்டியல்களில் மாவுச்சத்துக்குள் ஒளிந்திருக்கும், சிலவற்றில் தனியாக நிற்கும்.

இங்கே ஒரு சின்ன ரகசியம். பாக்கெட்டில் 'புரதம் 8 கிராம்' என்று பார்க்கிறோமே, பெரும்பாலும் அந்தப் புரதத்தை யாரும் நேரடியாக அளப்பதில்லை. டென்மார்க் வேதியியலாளர் கெல்டால் 1883ல் ஒரு முறை கண்டுபிடித்தார். உணவைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவிட்டு அதிலிருக்கும் நைட்ரஜனை அளப்பார்கள். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால், கிடைத்த எண்ணை 6.25ஆல் பெருக்கினால் புரதம். நைட்ரஜன் எங்கிருந்து வந்தாலும் அந்தக் கணக்கு அதைப் புரதம் என்றே சொல்லும். 2008ல் சீனாவில் பால் பவுடரில் மெலமைன் கலந்தவர்கள் விளையாடியது இந்த ஓட்டையில்தான். மெலமைன் பிளாஸ்டிக் தட்டு செய்யும் பொருள், அதில் நைட்ரஜன் ஏராளம். தண்ணீர் ஊற்றிய பாலிலும் 'புரதம்' சரியாக வந்தது, குழந்தைகளின் சிறுநீரகம் கெட்டது.

மாவுச்சத்தின் கதை இன்னும் வேடிக்கை. பல பட்டியல்களில் அது கழித்தல் கணக்கு: 100 கிராமிலிருந்து தண்ணீர், புரதம், கொழுப்பு, சாம்பல் (எரித்தபின் மிஞ்சும் தாது உப்புகள்) எல்லாவற்றையும் கழித்து மிஞ்சுவது மாவுச்சத்து. யாரும் கோராத சொத்தை வாரிசுக்கு எழுதிவைப்பது போல. ஆகவே 'வேதியியல் பிரிவு, சண்டையே இல்லை' என்று நான் மேலே சொன்னதைக் கொஞ்சம் சந்தேகத்தோடே எடுத்துக்கொள்ளுங்கள்.

வைட்டமின்களின் பிரிவைப் பற்றி நிறையப் பேசலாம், எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான். 1890களில் ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு தின்ற கோழிகளுக்குக் கால் விழுந்துபோவதையும், தவிடு நீக்காத அரிசி போட்டால் எழுந்து நடப்பதையும் கவனித்தார். மனிதர்களின் காலை முடக்கும் பெரிபெரி நோய் மாதிரியே. அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு முறிவு இருக்கிறது என்று அவர் முதலில் நினைத்தார். உண்மை நேர்மாறு, தவிட்டில் இருந்த ஏதோ ஒன்று சோற்றில் இல்லை. 1912ல் கசிமிர் ஃபங்க் அந்த 'ஏதோ ஒன்று' வகைக்கு வைட்டமைன் என்று பேர் வைத்தார், உயிருக்கு வேண்டிய அமைன் (நைட்ரஜன் உள்ள ஒரு வேதிப்பொருள் வகை) என்ற பொருளில். பிறகு பார்த்தால் எல்லாம் அமைன் இல்லை. 1920ல் ட்ரம்மண்ட் என்பவர் பேரின் வாலை நறுக்கி 'வைட்டமின்' ஆக்கினார், ஏ, பி, சி என்று எழுத்து வரிசையும் அவர் சொன்னதே.

இதில் நம் ஊர்ப் பக்கம் ஒரு செய்தி உண்டு. பழைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி அதிகம் இருந்தது வடக்கே ஆந்திரக் கடலோரத்தில். அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்ப் பகுதிகளில் அந்த நோய் அபூர்வம். நெல்லை அவிக்கும்போது உமியை ஒட்டியிருக்கும் பி1 (ஐக்மனின் தவிட்டில் இருந்த 'ஏதோ ஒன்று' அதுதான்) அரிசிக்குள்ளே இறங்கிவிடும், அப்புறம் தீட்டினாலும் முழுக்கப் போகாது. குன்னூரில் பிரிட்டிஷ் மருத்துவர் மெக்கரிசன் 1918ல் தொடங்கிய சின்ன ஆய்வுக்கூடம் பெரிபெரியை ஆராயத்தான் பிறந்தது. அது 1958ல் ஹைதராபாதுக்குக் குடிபெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. உங்கள் டயட்டீஷியன் கையிலிருக்கும் இந்தியப் பட்டியல்களெல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்.

மும்பைக்கும் ஒரு பங்கு உண்டு. 1928ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் இங்கே வந்தார். பருத்தி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ஒரு வகை ரத்தசோகை. சிவப்பணுக்கள் பெரிதாக ஊதிப்போய், பிரசவத்தோடு பல பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். பரேலில் இருக்கும் ஹாஃப்கின் ஆராய்ச்சி நிறுவனத்தில் தொடங்கி, நடுவே குன்னூரிலும் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்து, 1931ல் அவர் சொன்னது: ஈஸ்ட் சாறான மார்மைட் கொடுத்தால் குணமாகிறது. அதிலிருந்த பொருளுக்குப் பேரே தெரியாமல் 'வில்ஸ் காரணி' என்றார்கள். பத்து வருடம் கழித்து, 1941ல், பசலை வகைக் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர்கள் ஃபோலிக் அமிலம் என்று பேர் வைத்தார்கள். லத்தீனில் ஃபோலியம் என்றால் இலை. இன்று கர்ப்பிணிக்கு எழுதிக் கொடுக்கும் முதல் மாத்திரை அதுதான். பரேல் வழியாக லோக்கலில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாள் ஞாபகம் வரும்.

இப்போது 13 வைட்டமின்கள். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. பி குடும்பத்து எட்டும் சியும் தண்ணீரில் கரைபவை. பி வரிசையில் 4, 8, 10, 11 காணோமே என்று கேட்கிற பிள்ளைகள் உண்டு. எண் கொடுத்த பிறகு 'இது வைட்டமின் இல்லை' என்று தெரிந்து திரும்பப் பெற்றவை அவை. மீதியை வரிசை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். டி வைட்டமினோ வெயில் பட்டால் நம் தோலே செய்துகொள்ளும், வெளியிலிருந்து வந்தே தீர வேண்டியதில்லை. கறாராகப் பார்த்தால் அதை வைட்டமின் என்பதே இடிக்கும். பேர் ஒட்டிக்கொண்டது, யாரும் பிய்க்கவில்லை.

கரைவதைப் பற்றிய இந்தப் பிரிவு சமையலறையில் உடனே பயன்படும். அரிசியை நாலு தண்ணீர் கழுவி, சோற்றை வடித்து, கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றினால் பி வைட்டமினில் ஒரு பங்கு அதோடு போகும். கீரையை நறுக்கிவிட்டுக் கழுவினாலும் அப்படியே. கேரட்டில் இருக்கும் ஏ வைட்டமின் மூலப்பொருள் அப்படி ஓடாது, ஆனால் உடம்பில் சேர ஒரு சொட்டு எண்ணெய் வேண்டும். பொரியலுக்குத் தாளிக்கிற எண்ணெயை வீண் என்று நினைக்காதீர்கள்.

தாது உப்புகளை வேகமாகக் கடந்துவிடலாம். ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் வேண்டியவை ஒரு கட்சி: கால்சியம், பாஸ்பரஸ், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம் போன்றவை. அதற்குக் குறைவாக வேண்டியவை மறு கட்சி: இரும்பு, துத்தநாகம், அயோடின், செம்பு, செலீனியம். ஏன் 100? கோடு எங்கேயாவது போட வேண்டுமே. இரும்பில் மட்டும் ஒரு உள்பிரிவு முக்கியம். கறி, மீன், ஈரலில் இருப்பது உடம்பில் சுலபமாகச் சேரும். கீரை, கேழ்வரகு, பருப்பில் இருப்பது கஷ்டப்பட்டுச் சேரும். கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் நன்றாகச் சேரும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் தடைபடும். மும்பையில் அந்த டீயை நிறுத்தச் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

புரதத்துக்குள்ளும் ஒரு பிரிவு உண்டு: உடம்பு தானே செய்துகொள்ளும் அமினோ அமிலங்கள், செய்துகொள்ள முடியாத ஒன்பது. அரிசியில் இந்த ஒன்பதில் லைசின் குறைவு. பருப்பில் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து ஆட்டிப் புளிக்க வைத்தால் இட்லி. யாரும் வேதியியல் படித்துச் செய்ததில்லை. பருப்பும் சோறும், பொங்கல், இங்கே கிச்சடி, பயறுக் குழம்பான மிசலோடு பாவ் ரொட்டி, எல்லாமே இதே ஜோடி.

இனி உணவுக் கூறுகளுக்கு வருவோம். பள்ளிப் பாடம் எப்போதும் மூன்று கூறு: ஆற்றல் தருபவை, உடலை வளர்ப்பவை, நோயிலிருந்து காப்பவை. சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல கூறுதான். ஒரு பொருள் ஒரு வேலைதான் செய்யும் என்ற நினைப்பு மட்டும் தலையில் உட்கார்ந்துவிடும். அதைப் பிடுங்கி எறிய பிற்பாடு நாங்கள் பாடுபட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து கூறு கட்டியது: தானியம், பருப்பு, பால் மற்றும் இறைச்சி, காய் பழம், கொழுப்பும் சர்க்கரையும். 2024ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில் தட்டே வேறு மாதிரி. 2000 கலோரித் தட்டுக்கு, சமைப்பதற்கு முன் எடையில், தானியம் 250 கிராம், பருப்பு வகை 85, காயும் கீரையும் 400, பழம் 100, கொட்டைகளும் விதைகளும் 35, எண்ணெய் 27, பால் 300 மில்லி. நம் வீடுகளில் சோறு மலையாகவும் கூட்டு ஓரத்தில் திட்டாகவும் இருப்பதைப் பார்த்தால், அந்த 400ஐப் படிக்கும்போதே சிரிப்பு வரும்.

அதே நிறுவனம் 2017ல் வெளியிட்ட இந்திய உணவுக் கலவைப் பட்டியல் 528 உணவுகளை 20 கூறாகப் பிரித்திருக்கிறது. அதில் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கீரைக் கூறில் இல்லை. மசாலாப் பொருட்களோடு நிற்கின்றன. இலைதானே என்று வாதாடலாம், ஆனால் கைப்பிடியாகச் சாப்பிடுகிறோமா, கிள்ளிப் போடுகிறோமா என்று பார்த்து வைத்திருக்கிறார்கள். கேரட், பீட்ரூட், முள்ளங்கி மூன்றும் உருளையோடு ஒரே கூறில், 'வேரும் கிழங்கும்'. மண்ணுக்குள் விளைகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. சர்க்கரை நோயாளி அந்தக் கூறை நம்பி முள்ளங்கி சாம்பாரை ஒதுக்கினால் பாவம் அவர். முள்ளங்கியில் மாவுச்சத்து இருக்கிறதா என்று தேட வேண்டும்.

உருளை ஏன் இடம் மாறுகிறது என்று இப்போது புரிந்திருக்கும். 100 கிராம் உருளையில் 15 முதல் 20 கிராம் வரை மாவுச்சத்து. வெண்டைக்காயில் 4 கிராம் தேறுவதே கஷ்டம். ஆஸ்பத்திரித் தாள் மாற்றுப் பட்டியல் என்ற முறையில் எழுதப்படுவது. 1950ல் அமெரிக்காவில் நீரிழிவுக்காரர்களுக்கென்று உருவானது. ஒரு சின்ன சப்பாத்தி, ஒரு கப்பில் மூன்றில் ஒரு பங்கு சாதம், ஒரு சின்ன உருளை, மூன்றும் ஏறக்குறைய 15 கிராம் மாவுச்சத்து. ஒன்றைத் தின்றால் இன்னொன்றை விட வேண்டும். அந்தத் தாளின் கேள்வி 'இது ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும்' என்பது ஒன்றுதான். ஆனாலும் உருளை அரிசி ஆகிவிடாது. அதில் சி வைட்டமின் உண்டு, பொட்டாசியம் உண்டு. அரிசியில் சி துளியும் கிடையாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு நான் தாள் எழுதினால் இதே உருளை 'பொட்டாசியம் அதிகம், கவனம்' என்ற மூன்றாவது கூறுக்குப் போய்விடும்.

நிலக்கடலைக்கும் இதே கதி. செடியைக் கேட்டால் அது துவரை, உளுந்தின் தாயாதி, பயறுக் குடும்பம். ஆனால் துவரம்பருப்பில் 100 கிராமுக்குக் கொழுப்பு 2 கிராமைத் தாண்டாது. கடலையில் 40 கிராமுக்கு மேல். புரதம் இரண்டிலும் 20ஐத் தாண்டும். கடலையின் கலோரியில் பத்தில் ஏழு பங்கு கொழுப்பிலிருந்து வருகிறது. அதனால் தாவரவியல் பருப்பு என்கிறது, செக்குக்காரர் எண்ணெய் வித்து என்கிறார், டயட்டீஷியன் கொழுப்புப் பக்கம் வைக்கிறார், ஒவ்வாமைக்காரர்களுக்கு எழுதும் எச்சரிக்கையில் அது முந்திரி, பாதாமிலிருந்தும் தனியாக நிற்கிறது. தேங்காயும் அப்படித்தான். பிள்ளைகள் பழக் கட்டத்தில் ஒட்டுவார்கள். இட்லிக்கு மூன்று கரண்டி சட்னி போட்டுக்கொண்டு 'எண்ணெயே சேர்க்கவில்லை' என்பவர்களிடம் நான் தேங்காய் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கேட்பேன்.

இதற்கெல்லாம் சம்பந்தமே இல்லாத ஒரு கூறும் உண்டு. பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தில் மான்டெய்ரோ 2009ல் முன்வைத்த நோவா முறை. சத்தையே பார்க்காது, ஆலையில் எவ்வளவு மாற்றினார்கள் என்று மட்டும் பார்க்கும். அவித்த கடலை முதல் கூறு, கடலை எண்ணெய் இரண்டாவது, கடலை மிட்டாய் மூன்றாவது, பளபள உறையில் பதினைந்து பொருள் சேர்த்து வரும் கடலை சாக்லேட் பார் நான்காவது. ஒரே கடலை, நாலு கூறு. வரிக்காரர்களும் கூறு கட்டுவார்கள். பாக்கெட் பரோட்டா ரொட்டி இனம் இல்லை, 18 சதவீத வரி என்று 2020ல் கர்நாடகத்தில் ஜிஎஸ்டி முன்தீர்ப்பு வந்தபோது நாம் சிரித்த சிரிப்பு மறந்திருக்காது.

உங்கள் மாமியாரின் ஏகாதசிக் கூறைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், ஏனென்றால் இவர்கள் எல்லாரையும்விட அதுதான் பழையது. விரதத்துக்குத் தானியம் கூடாது, பருப்பு கூடாது. கிழங்கு, பழம், பால் ஆகும். உருளை தானியம் இல்லை என்று அவர் சொல்வது அந்தக் கணக்கில் அப்பழுக்கில்லாத உண்மை. இந்த ஊருக்கு வந்தபின் நம்மவர்களும் உபவாசத்துக்குச் சாபுதானா கிச்சடி பழகிக்கொண்டோம். சாபுதானா நம் சேலத்து ஜவ்வரிசிதான், மரவள்ளிக் கிழங்கு மாவு. அதில் 100 கிராமுக்கு 85 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, புரதம் ஒரு கிராம்கூட இல்லை. அதில் உருளையைத் துண்டு போட்டு, நெய் விட்டு, வறுத்த நிலக்கடலைப்பொடி தூவுகிறார்கள். அந்தக் கடலைப்பொடி இல்லாவிட்டால் கிண்ணத்தில் ஸ்டார்ச்சைத் தவிர ஒன்றுமில்லை. யாரோ ஒரு மராட்டிப் பாட்டிக்கு அது தெரிந்திருக்கிறது. என் அனுபவத்தில் சர்க்கரை நோயாளிகள் விரத நாளில் குறைவாகச் சாப்பிடுவதாக நினைத்து, மற்ற நாளைவிட மாவுச்சத்தை அதிகம் சாப்பிடுகிறார்கள்.

மாமியாரிடம் உருளை தானியம் என்று வாதாடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். "ஏகாதசிக்கு ஆகும் அம்மா, ஆனா உங்க சுகருக்கு அது சோத்துக் கணக்கு" என்று சொல்லுங்கள். அன்றைக்கு ஒரு சின்னக் கிண்ணம் கிச்சடி, உருளை போடாமல், கடலைப்பொடி தாராளமாக. கூட ஒரு கிண்ணம் தயிர், வெள்ளரிக்காய். மாத்திரையோ இன்சுலினோ போடுபவராக இருந்தால் விரத நாள் அளவை அவருடைய மருத்துவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள், சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்தும் உண்டு. மற்ற நாளில் உருளைப் பொரியல் செய்தால் சாதத்தில் அந்த அளவு குறையட்டும், பக்கத்தில் ஒரு புடலங்காய்க் கூட்டு இருக்கட்டும்.

மகனுக்கு: டீச்சர் கேட்டது மூன்று கூறுப் பாடம், அந்தப் பாடத்தில் உருளை ஆற்றல் கட்டத்தில்தான் வரும். அங்கேயே ஒட்டட்டும். கடலையை மட்டும் ஆற்றல், வளர்ச்சி என்ற இரண்டு கட்டத்துக்கும் நடுவில், கோட்டின் மேல் ஒட்டி, 'புரதமும் உண்டு, கொழுப்பும் உண்டு' என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். மார்க் திரும்பக் கிடைக்குமா என்பதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை.